ஓகே சீல் யாருக்கு?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே என் தொண்டை பாதி போய்விட்டது, மீதியை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

எங்கள் தொழில் ரொம்பச் சின்னது. ரப்பர் வளையத்தை எடுத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிசிர் இருந்தால் ஒரு பக்கம், கீறல் இருந்தால் ஒரு பக்கம், நல்லதென்றால் நீலப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி நிறைந்ததும் கடைசி டேபிளுக்குப் போகும். அங்கே இருக்கிறவர் இன்னொரு தரம் பார்த்து, பெட்டியில் செருகிய அட்டையில் 'ஓகே' என்று சீல் குத்துவார். அது விழாமல் ஒரு வளையம்கூட கேட்டைத் தாண்டாது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே பார்க்கிறவர்கள். கடைசி டேபிளுக்கு மட்டும் நாற்காலி உண்டு. நீங்களும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்று முட்டி வீங்கினவர்களாக இருந்தால், அந்த நாற்காலி என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அதில் உட்கார்ந்திருந்த சரோஜா, மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி வேலையை விடப்போகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே என் கண் அந்த நாற்காலியின் மேல் விழுந்தது. பக்கத்தில் நின்ற மஞ்சுளாவின் கண்ணும் அதே இடத்தில்தான் இருந்தது.

மஞ்சுளா, மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவாள், இந்தியும் கொஞ்சம் புரியும். அதில் எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. நானும் உத்தனப்பள்ளியில் பிறந்தவள்தான். எங்கள் பக்கத்தில் ஆடு மாடுகூட மூன்று பாஷையில் திட்டினாலும் புரிந்துகொள்ளும். அவளிடம் எனக்குப் பொறாமை அந்த ஒரு வார்த்தையில்தான். ஓகே. நான் ஐந்தாவது வரை படித்தவள், எனக்கு வாயைத் திறந்தால் 'சரி' என்றுதான் வரும். அவள் 'ஓகே சார்' என்றால் சூப்பர்வைசர் கதிருக்கு முகமெல்லாம் பல்.

சரி என்றால் ஸாரி

எங்கள் சரக்கை வாங்குகிற பார்ட்டிகளில் ஒருவர் வடக்கேயிருந்து ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார். அந்த முறை வந்தவருக்கு இந்தி, இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் தெரியாது. வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, பெட்டியைக் காட்டி, "ஓகே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்து நின்றார். என் பெட்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. நிமிர்ந்து, கம்பீரமாக, "சரி சார்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பெட்டியை டேபிள் மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு வளையமாக எடுத்துப் பார்த்தார். கதிர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். என்ன தப்பு என்று எனக்கும் புரியவில்லை. ஆடிட்டுக்கு வந்தவர் மறுபடி "ஓகே?" என்றார். நான் இன்னும் சத்தமாக, "சரி சார், எல்லாம் சரி சார்!" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் மஞ்சுளாவின் பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "ஓகே சார், ஆல் ஓகே" என்றாள். உடனே அவரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவர் என்ன கேட்டார் என்று அவளை உலுக்கினேன். அவள் அதைத் தமிழில் சொல்லும்போது பக்கத்து லைன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நல்ல சரக்கைப் பண்ணி வச்சிக்கினு இந்த அம்மா எதுக்குத் திரும்பத் திரும்ப ஸாரி கேக்கறாங்கன்னு கேட்டாருக்கா!"

வெட்டி விடுகிற ஓகே

அன்றைக்கே முடிவு கட்டினேன், நானும் ஓகே சொல்லிவிடுவதென்று. ஆனால் காது கொடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, மஞ்சுளா சொல்வது ஒரே ஓகே இல்லை. கதிர் வேலை சொன்னால் 'ஓக்கே' என்று நடுவில் ஒரு அழுத்தம். இப்பவே செய்கிறேன் என்று அர்த்தம். மேனேஜர் சொன்னால் 'ஓகே...' என்று கடைசியில் ஒரு இழுப்பு. நீங்கள் சொன்னதால் ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். யாராவது தப்பாகச் சொன்னால் 'ம்ம்... ஓகே', நீ சொல்வது தப்பு, ஆனாலும் விட்டேன் என்று அர்த்தம். கேன்டீனில் யாராவது அவளிடம் வழிந்தால், குச்சியை முறிப்பது மாதிரி ஒரு 'ஓகே'. இதோடு கிளம்பு என்று அர்த்தம். 'சரி' என்ற ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை காலம் குடும்பம் நடத்தின எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன். என் வீட்டுக்காரர், எனக்கு விக்கல் வந்துவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தார். மறுநாள் கதிர் வந்து, "மாதம்மாக்கா, இன்னிக்கு மூணாவது லைன் வளையத்தை முதல்ல பாத்துடுங்க" என்றார். நான் பழகி வைத்திருந்ததில் வாய்க்குக் கிடைத்த ஒன்றை எடுத்துவிட்டேன். "ஓகே." சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது குச்சி முறிக்கிற ஓகே. மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கதிர் பாவம், சாமல்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். இரண்டடி பின்னால் போய் நின்று கேட்டார்:

"யக்கா, நான் இன்னா தப்பாச் சொல்லிட்டேன்னு இப்பிடி மூஞ்சில அடிச்ச மாதிரி பேசறீங்க?"

பாதி ஓகே

எங்கள் லைனுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு என்று கதிர் அதில் போட்டார். மஞ்சுளா கே என்ற ஒரே ஒரு எழுத்தை மட்டும் போட்டாள். "ஏன்டி, மீதி ஓ எங்க போச்சு?" என்று கேட்டேன். "இப்ப எல்லாம் இப்பிடித்தான்க்கா. வேணும்னா அந்த ஓவை நீங்க போட்டுடுங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆய்த்து" என்றாள். இதில் ஏதோ நாகரிகம் இருக்கிறது போலிருக்கிறது, நாம் ஏன் பின்தங்க வேண்டும் என்று நானும் தமிழில் பெரிதாக ஒரு 'ஓ' போட்டேன். கொஞ்ச நேரத்தில், குரூப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி கதிரின் பதில் வந்தது:

"மாதம்மாக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை வேலைக்கு எதுக்கு ஓன்னு அழறீங்க?"

எந்த ஊர்ப் பிள்ளை இது

தரத்தைப் பற்றிப் பாடம் நடத்த ஒரு மேடம் வந்தார். எடுத்த எடுப்பில், "தினமும் ஓகே ஓகேன்னு குத்தறீங்களே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கைக்காக வார்த்தைகளை வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி, அந்தத் தப்பின் முதலெழுத்துகளை மட்டும் அச்சில் போடுவார்களாம். 'எல்லாம் சரி' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகளை அப்படித் தப்பாக எழுதியதில் பிறந்ததுதான் இந்த ஓவும் கேவும். கூடப் பிறந்த மற்ற வேடிக்கையெல்லாம் செத்துப்போய், இது மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டதாம். எனக்கு ஆறவில்லை. நான் தப்பாக எழுதினபோது வாத்தியார் முட்டியில் அடித்தார். அவர்கள் தப்பாக எழுதினதை நாங்கள் சீலாகச் செய்து குத்திக்கொண்டிருக்கிறோம்.

மத்தியானம் சாப்பாட்டில் இதே பேச்சு. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற ஷபீர் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்லம்மா. சண்டை நடக்கற இடத்துல, இன்னிக்கு நம்ம ஆளு யாரும் சாகலன்னா ஒரு சைபர் போட்டு, பக்கத்துல கில்டுங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு கே போட்டு பலகை மாட்டுவாங்கோ. அதைப் பாத்தாதான் வீட்டுக்காரங்களுக்கு மூச்சு வரும்" என்றார். லோடு ஏற்றுகிற நாராயணப்பா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எங்க வார்த்தைங்க. ஒகேன்னா ஒண்ணே ஒண்ணுன்னு அர்த்தம். உன் பேச்சும் என் பேச்சும் ஒண்ணாயிட்டா ஒப்பந்தம் முடிஞ்சுது. வெள்ளைக்காரன் எங்க கிட்டருந்து எடுத்துக்கினு போய், ஓவைக் கொஞ்சம் இழுத்துட்டான்" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "ரெண்டும் இல்ல. தமிழுதான். இந்தக் கரையிலருந்து ஒருத்தன் கூப்பிட்டா, அந்தக் கரையிலருந்து 'ஓ... கேக்குது!'ன்னு பதில் சொல்லுவான் இல்ல? பாதியிலயே காத்து தூக்கிக்கினு போயிடுச்சு. ஓ... கே. அவ்ளோதான்" என்றேன். எல்லாரும் கையைத் தட்டினார்கள். ஷபீர் பாய்கூட தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டுக் கறி எடுத்து வைத்தார். அன்றைக்குத்தான் நான் அந்தக் கம்பெனியில் பெரிய மனுஷி. அது சாயங்காலம் வரைக்கும்தான். மேனேஜர் லைன் பக்கம் வந்தபோது மஞ்சுளா, "சார், ஓகே எங்க பொறந்துச்சு தெரியுமா? ஓ, கேக்குது!" என்று ஆரம்பித்தாள். யார் சொன்னது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் வளையத்தைத் திருப்பிக்கொண்டே நிற்கிறேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"உனக்கு மட்டும் எப்படிம்மா மஞ்சுளா இப்படியெல்லாம் தோணுது?"

ஒகே பாக்ஸ்

சரோஜா போகிற நாள் நெருங்கியது. நானும் மஞ்சுளாவும் மாற்றி மாற்றிக் கடைசி டேபிளில் உட்கார வேண்டும், யார் கை சுத்தம் என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்றைக்கு என் முறை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பெங்களூர்ப் பக்கத்துப் பார்ட்டிக்குப் போக வேண்டிய பெட்டிகள் அத்தனைக்கும் சீல் குத்தி வைத்தேன். மறுபடி பார்க்க வேண்டிய சில பெட்டிகளும் பக்கத்திலேயே இருந்தன. அதனால் கதிர், மிஷின் ஓடுகிற இடத்தில் நின்றபடியே நாராயணப்பாவுக்குப் போன் செய்து, "அண்ணா, ஓகே பாக்ஸ் மட்டும் ஏத்தி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வண்டி போய்விட்டது. மத்தியானம் பார்ட்டியிடமிருந்து போன். வண்டியில் வந்திருப்பது ஒரே ஒரு பெட்டி. அவர்கள் லைன் நிற்கப் போகிறது. மேனேஜர் நேராக என் நாற்காலிக்கு வந்தார். "மாதம்மா, இவ்வளவு பெட்டியில நீங்க ஓகே பண்ணினது ஒண்ணுதானா?"  உட்கார்ந்தபடியே கையிலிருந்த சீலைத் தூக்கிக் காட்டினேன். "எல்லாமே ஓகேதான் சார்" என்றேன். நாராயணப்பாவைக் கூப்பிட்டார்கள். "ஒகே பாக்ஸ்னு சொன்னாரு சார், ஒகே பாக்ஸ் ஏத்தினேன்" என்றார் அவர். "நானும் ஓகே பாக்ஸ்னுதானே சொன்னேன்!" என்று கதிர் கத்தினார். "அதான் நானும் சொல்றேன், ஒகே பாக்ஸ்!" என்று நாராயணப்பா திருப்பிக் கத்தினார். இரண்டு பேரும் அதையே சொல்லிக்கொண்டு சட்டையைப் பிடிக்காத குறை. கோயம்புத்தூர்க்காரரான மேனேஜர், ஒத்துப்போகிற இரண்டு பேர் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று புரியாமல் நின்றார்.

என் காதில் அந்த நொடியே பட்டுவிட்டது. போனில், அந்தச் சத்தத்தில், கதிரின் ஓ குறுகிப்போயிருக்கிறது. 'ஒகே பாக்ஸ் மட்டும்' என்றால் நாராயணப்பாவுக்கு ஒரே ஒரு பெட்டி மட்டும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு முன்னால் மஞ்சுளாவின் வாய் திறந்துவிட்டது. "சார், ஒருத்தர் இங்கிலீஷ்ல சொன்னாரு, இன்னொருத்தர் தெலுங்குல கேட்டாரு. யார் மேலயும் தப்பில்ல, அக்கா மேலயும் தப்பில்ல" என்று விளக்கிவிட்டாள். அதோடு விட்டாளா? மேனேஜர் கையிலிருந்த போனை வாங்கி, பார்ட்டியின் ஆளிடம் கன்னடத்தில் பேசினாள். மீதிப் பெட்டிகளோடு கிளம்பின வண்டி, ரோட்டில் யானை நிற்கிறது என்று சானமாவுக் காட்டோரத்தில் நின்றுவிட்டது. அதையும் அவள்தான் கூப்பிட்டுச் சொன்னாள். திட்ட ஆரம்பித்த ஆள் அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என் தலை தப்பியது அவளால்தான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. வேறு யாராவது காப்பாற்றியிருக்கக் கூடாதா? கடைசியில் அந்த ஆள் சொன்னதை ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். நான் பார்த்து நான் குத்தின பெட்டியைப் பற்றி, அவர் அவளிடம் சொன்னார்:

"வந்தது ஒண்ணே ஒண்ணுதான் மஞ்சுளாம்மா, ஆனா சும்மா சொல்லக்கூடாது, அது ரொம்ப ஓகேங்க."

நாற்காலியில் யார்

சரோஜா போன மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் பார்வை மஞ்சுளா மேல் இருந்ததைப் பார்த்ததுமே எனக்கு முட்டி வலி இரண்டு பங்காகிவிட்டது. "மஞ்சுளா, டேபிளை நீ பாத்துக்க, ஓகேவா?" என்றார். அவள் என் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "அக்காவுக்கே குடுங்க சார். அவங்களால நிக்க முடியல, கண்ணும் என் கண்ணைவிட நல்லா இருக்குது" என்றாள். மேனேஜர் அவளை உச்சியில் தூக்கி வைத்துப் பேசினார். கேன்டீனில் எல்லாரும் அவள் மனசைப் பற்றியே பேசினார்கள். நாற்காலி கிடைத்தது எனக்கு, பேர் கிடைத்தது அவளுக்கு. இருந்தாலும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதில் சாய்கிறபோதெல்லாம், இவ்வளவு ஆசைப்பட்டதை இவள் எப்படி விட்டாள் என்ற யோசனை முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

மாதம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. போனில் சிரித்த ஆள், நாற்காலிப் பேச்சு வருவதற்கு முன்பே அவள் நம்பரை வாங்கி, அவளைத் தன் கம்பெனிக்கே கூப்பிட்டிருக்கிறார். வருகிற சரக்கைப் பிரித்துப் பார்க்கிற வேலை. அவள் வீட்டுக்குப் பக்கம், ஏசி ரூம், நாற்காலிக்குச் சக்கரம்கூட உண்டாம். கடைசி நாள் என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லா உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்த வாரம் அங்கே போன எங்கள் நீலப் பெட்டிகள் காலியாகத் திரும்பி வந்தன. பழைய அட்டைகளை உருவி எறிவதற்காக ஒன்றை எடுத்தேன். என் சீலுக்குப் பக்கத்தில் இன்னொரு சீல். என்னுடையதைவிடப் பெரிது, ஊதா மசி, அதிலும் ஓகே. அடுத்த பெட்டியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். உடனே போன் போட்டேன். "ஏன்டி, நான்தான் பாத்துப் பாத்து ஓகேன்னு குத்தி அனுப்பறேனே, அதும் மேல நீ எதுக்குடி குத்தற?" அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்:

"உங்க ஓகே ஓகேவான்னு பாத்து ஓகே சொல்றதுதான்க்கா இங்க என் வேலை."

ஆக, நாற்காலியும் சீலும் எனக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் ஓகே சொன்னது ஓகேதானா என்று சொல்கிற அந்த ஒரு ஓகேயை மட்டும் அவள் அத்திப்பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.